ஜூலை முதல் தேதி வேலைக்குச் சேரும் மருத்துவர்களுக்கு

தமிழ்நாட்டின் மருத்துவக் கல்லூரிகளில் படித்து, ஹவுஸ் சர்ஜனாக ஓராண்டு ஓடி ஓடி உழைத்து, அதற்கு மேலும் தேர்வு மேல் தேர்வு எழுதி, வருகிற ஜூலையில் அமெரிக்க மருத்துவமனைகளில் முதலாண்டு இன்டர்னாகச் சேரவிருக்கும் இளம் மருத்துவர்களுக்கு இதை எழுதுகிறேன்.

மார்ச் மாதத்தின் மூன்றாம் வெள்ளிக்கிழமை, பயிற்சி இடங்களை ஒதுக்கும் ‘மேட்ச்’ முடிவு வந்த அன்றே உங்கள் வீடுகளில் பெட்டி கட்டும் வேலை தொடங்கியிருக்கும். ஜே-1 விசாவுக்கான தாள்கள், மாநிலப் பயிற்சி உரிமம், தடுப்பூசிச் சான்றுகள், மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு வீடு, இதையெல்லாம் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கு முன்னால் போனவர்களிடம் கேட்டால் அக்குவேறு ஆணிவேறாகச் சொல்லிவிடுவார்கள். அவர்களுக்குள் கருத்து பிரிவது ஒரே இடத்தில்தான். மிச்சமிருக்கும் வாரங்களை என்ன செய்வது? ஒரு சாரார் பாடப் புத்தகத்தை மறுபடி எடு, ஈசிஜி பார், மருந்தளவுகளை மனப்பாடம் செய் என்கிறார்கள். இன்னொரு சாரார் புத்தகத்தைத் தொடாதே, நன்றாகத் தூங்கு, அம்மா கையால் சாப்பிடு, இனி இப்படி ஒரு ஓய்வு கிடைக்காது என்கிறார்கள். எனக்கு இரண்டாவது அறிவுரைதான் அதிகம் பிடிக்கும். ஆனால் இரண்டு சாராருமே தயாராவது என்றால் படிப்பது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் பாட அறிவைப் பல தேர்வுகள் சோதித்துவிட்டன. எந்தத் தேர்வும் சோதிக்காதது ஒன்று இருக்கிறது: தனக்குப் புரியவில்லை என்பதை நேரத்தோடு உணர்ந்து, உரியவரை அழைத்து, தெளிவாகச் சொல்லி, நோயாளியைப் பத்திரமாக அடுத்தவர் கையில் ஒப்படைப்பது. இன்டர்ன் ஆண்டில் நோயாளிகளைக் காப்பதும் கைவிடுவதும் பெரும்பாலும் இதுதான். இந்த வாரங்களில் பழக வேண்டியதும் இதுதான்.

இப்படிச் சொல்ல ஆதாரம் என்ன என்று கேட்பீர்கள். கேட்கவும் வேண்டும். அமெரிக்க இன்டர்னின் வேலை நேரத்தைப் பற்றிய எந்த விவாதமும் ஒரு மரணத்திலிருந்துதான் தொடங்கும். 1984 மார்ச் 4ஆம் தேதி இரவு, லிபி சயன் என்ற 18 வயதுக் கல்லூரி மாணவி காய்ச்சலோடும் உடல் தூக்கிப் போடும் உதறலோடும் நியூயார்க் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மனச்சோர்வுக்காக ஃபினெல்சைன் என்ற மருந்தைச் சாப்பிட்டு வந்தவர் அவர். உதறலை அடக்க அவருக்குத் தரப்பட்டது மெபெரிடின். நம் வார்டுகளில் பெத்திடின் என்கிறோமே, அதே மருந்து. இரண்டும் ஒன்றுசேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அந்தச் சேர்க்கைதான் அவர் உயிரைப் பறித்தது என்றே பின்னாளில் பரவலாகக் கருதப்பட்டது. அன்றிரவு அவரைப் பார்த்துக்கொண்ட இன்டர்னின் பொறுப்பில் ஏறத்தாழ 40 நோயாளிகள் இருந்தார்கள். அவருக்கு மேலிருந்த ரெசிடென்ட் தூங்கப் போயிருந்தார். குடும்பத்துக்குத் தெரிந்த மூத்த மருத்துவர் தொலைபேசியில் மட்டும் இருந்தார். நோயாளி திமிறுகிறார் என்று நர்ஸ்கள் தெரிவித்தபோது, கட்டிவைக்கும்படியும் அமைதிப்படுத்தும் மருந்து கொடுக்கும்படியும் தொலைபேசியிலேயே உத்தரவு போனது. விடிவதற்குள் காய்ச்சல் 107 டிகிரியைத் தொட்டு, இதயம் நின்றது.

லிபியின் தந்தை சிட்னி சயன் பத்திரிகையாளர். அவர் விடவில்லை. விஷயம் கிராண்ட் ஜூரி வரை போனது. அது யார்மீதும் கொலைக் குற்றம் சுமத்தவில்லை. பயிற்சி மருத்துவர்களின் வேலை முறையைத்தான் குற்றம் சொன்னது. மருத்துவர் பெர்ட்ரண்ட் பெல் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதன் பரிந்துரைப்படி 1989இல் நியூயார்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம், ஒரே மூச்சில் 24 மணி நேரம் என்று எல்லை வகுத்தது. 2003இல் 80 மணி நேர வரம்பு நாடு முழுவதும் வந்தது. எல்லோருக்கும் அந்த 80 மட்டும் நினைவில் நின்றுவிட்டது. ஆனால் பெல் சொல்ல வந்தது வேறு. முக்கியமானது மேற்பார்வை, மணிக் கணக்கு அல்ல என்று அவர் பின்னாளில் வலியுறுத்தி எழுதினார். அந்த இரவை மறுபடி பாருங்கள். தூக்கமின்மையும் வேலைச் சுமையும் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அறிகுறிகள் கண்ணெதிரே மாறிக்கொண்டிருந்தபோது, நோயாளியின் படுக்கையருகே அனுபவசாலி ஒருவர் வந்து நிற்கவில்லை என்பதுதான் அதன் நடுவே இருக்கும் உண்மை.

மணிக் கணக்கின் கதை அதற்குப் பிறகும் சிக்கலாகவே போனது. 2004இல் வெளியான ஓர் ஆய்வு, தீவிர சிகிச்சைப் பிரிவில் 24 மணி நேரமும் அதற்கு மேலும் நீளும் பழைய முறையில் வேலை செய்த இன்டர்ன்கள், அந்த நீண்ட பணிகளை நீக்கிய முறையில் வேலை செய்தவர்களைவிட 36 சதவீதம் அதிகமாகக் கடுமையான தவறுகள் செய்தார்கள் என்று காட்டியது. 2011இல் இன்டர்னுக்கு ஒரே மூச்சில் 16 மணி நேரம்தான் என்று விதி வந்தது. 2017இல் அது நீக்கப்பட்டு, 24 மணி நேரமும் ஒப்படைப்புக்காக இன்னும் 4 மணி நேரமும் என்று ஆனது. 63 பொது மருத்துவப் பயிற்சித் திட்டங்களில் நடந்த பெரிய ஒப்பாய்வு ஒன்று, தளர்ந்த விதிகளால் நோயாளிகளின் மரணம் கூடிவிடவில்லை என்றது. குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2020இல் வெளியான இன்னொரு ஆய்வில், பணி நேரத்தைக் குறைத்தபோது தவறுகள் கூடவே செய்தன. ஒருவர் தலையில் விழும் நோயாளிகளின் எண்ணிக்கை அந்த முறையில் அதிகமாகிவிட்டது என்பது அதற்கு ஒரு பெரிய காரணம். இவற்றை வைத்துத் தூக்கம் முக்கியமில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. நீண்ட பணி முடிந்து வண்டி ஓட்டிப் போகும் இன்டர்ன் விபத்தில் சிக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் என்று 2005இலேயே தெரிந்துவிட்டது. அப்படி ஒரு காலையில் காரை அங்கேயே விட்டுவிட்டு டாக்ஸி பிடியுங்கள், காசு பார்க்காதீர்கள். நான் சொல்வது இவ்வளவுதான்: கடிகாரத்தை மட்டும் திருத்தினால் போதவில்லை.

வேறெது போதும்? பயிற்சி மருத்துவர்கள் சம்பந்தப்பட்ட 240 இழப்பீட்டு வழக்குகளை அலசிய ஆய்வு ஒன்று 2007இல் வெளிவந்தது. அதில் 72 சதவீத வழக்குகளில் முடிவெடுப்பதில் தவறு இருந்தது. 70 சதவீதத்தில் கூட்டு வேலை குலைந்திருந்தது; அதில் முதலிடம் மேற்பார்வைக் குறைவுக்கு, அடுத்த இடம் ஒப்படைப்பில் நேர்ந்த குளறுபடிக்கு. ஒரு வழக்கில் பல குறைகள் சேர்ந்தே வரும் என்பதால் இந்தச் சதவீதங்களைக் கூட்டிப் பார்க்கக் கூடாது. அப்படியானால் மேற்பார்வையைக் கூட்டிவிட்டால் தீர்ந்ததா? மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் அதையும் செய்து பார்த்தார்கள். இன்டர்ன்களும் ரெசிடென்ட்களும் தாமாகச் செய்யும் ரவுண்ட்ஸில் மூத்த மருத்துவரையும் தினமும் கூட நிற்க வைத்தார்கள். 2018இல் வந்த முடிவு பலருக்கு வியப்பளித்தது: தவறுகள் குறிப்பிடும்படி குறையவில்லை, இன்டர்ன்கள் பேசுவதுதான் குறைந்தது. எனக்கு இது இந்தத் துறையில் மிகவும் யோசிக்க வைக்கும் ஆய்வாகப் படுகிறது. பெரியவர் பக்கத்தில் நின்றால் மட்டும் போதாது; இளையவர் வாயைத் திறக்க வேண்டும். மேற்பார்வையில் பாதி மேலிருந்து வருகிறது. மறுபாதி கீழிருந்து கேட்டுப் பெறுவது.

கேட்டுப் பெறுவதற்கு நம் வகுப்பறைகள் நம்மைப் பழக்கவில்லை. வைவாவில் ‘தெரியாது, சார்’ என்பது தோல்வி. சீஃப் ரவுண்ட்ஸில் கேள்வி வரும் திசையைக் கணித்துப் பின்வரிசையில் ஒதுங்குவது நம் மாணவர்களின் தனிக்கலை. அசிஸ்டென்ட்டை நள்ளிரவில் எழுப்பினால் மறுநாள் என்ன கிடைக்கும் என்பது எந்த ஹவுஸ் சர்ஜனுக்கும் தெரியும். ஆகவே கூட இருக்கும் பிஜியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு விடியும்வரை சமாளிப்பதுதான் திறமை என்று மனதில் பதிந்துவிடுகிறது. இதைக் குறையாக மட்டும் பார்க்க மாட்டேன். அரசு மருத்துவமனை நெரிசலில் தேறி வந்தவர்களுக்கு ஒரு பதறாத தன்மை உண்டு. நோயாளியைப் பார்த்த மாத்திரத்தில் ‘இவர் நிலைமை சரியில்லை’ என்று சொல்லிவிடும் கண் உண்டு. ரத்தக் குழாயைத் தடவியே பிடித்துவிடும் விரல்கள் உண்டு. ஆனால் அமெரிக்காவில் ரத்தம் எடுக்கவும் ஈசிஜி எடுக்கவும் பெரும்பாலும் வேறு ஆட்கள் இருப்பார்கள். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், பொது மருத்துவ இன்டர்ன்களின் வேலை நேரத்தில் 12 சதவீதம்தான் நோயாளியோடு நேரடியாகக் கழிந்தது. 40 சதவீதம் கணினியோடு போனது. இது மருத்துவத்துக்கு நல்லதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் நீங்கள் போய் நிற்கப்போகும் இடம் அதுதான். அங்கே உங்கள் வேலையின் பெரும் பகுதி தகவலைச் சேர்ப்பது, எழுதுவது, சொல்வது, கேட்பது, ஒப்படைப்பது.

அதனால் நாக்கையும் கொஞ்சம் பழக்க வேண்டும். பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், சால்பூட்டமால் அல்பியூடெரால், அட்ரினலின் எபிநெஃப்ரின். பெயர்கள் சில்லறைதான், அவசரத்தில் வாயில் பழைய பெயர் வந்து, எதிரே இருப்பவர் ஒரு கணம் விழிப்பது சில்லறை அல்ல. அதைவிடக் கடினமானது நோயாளியோடு பேசும் முறை. நம் ஊரில் மோசமான செய்தியை மகனையோ மருமகனையோ வெளியே அழைத்துப் போய்ச் சொல்வோம். நோயாளியிடம் சொல்லாதீர்கள் என்று அவர்களே கேட்டுக்கொள்வார்கள். அங்கே சுயநினைவோடு இருக்கும் நோயாளியிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். அவர் சம்மதம் இல்லாமல் குடும்பத்திடம் பேசிவிடக் கூடாது. இதயம் நின்றால் மீண்டும் இயக்க முயல வேண்டுமா என்பதைக்கூட, சேர்க்கும்போதே அவரிடம் கேட்டு எழுத வேண்டும். இதைத் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் கேட்கப் பழக நாளாகும். கண்ணாடி முன் நின்றாவது பத்து முறை சொல்லிப் பாருங்கள்.

ஒப்படைப்புக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் ஆதாரம் மிக வலுவாக இருப்பது இங்கேதான். ஒன்பது மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளில் ‘ஐ-பாஸ்’ என்ற முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள். பணி முடித்துப் போகிறவர் வருகிறவரிடம் சொல்ல வேண்டியதற்கு ஒரு வரிசை: நோய் எவ்வளவு கடுமை, இதுவரை நடந்ததன் சுருக்கம், இன்றிரவு செய்ய வேண்டியவை, நிலைமை மாறினால் என்ன செய்வது, கடைசியில் கேட்டவர் தன் வாயால் திருப்பிச் சொல்வது. 2014இல் வந்த முடிவு: மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்தன, தவிர்த்திருக்கக் கூடிய பாதிப்புகள் 30 சதவீதம் குறைந்தன, ஒப்படைப்புக்கு ஆகும் நேரம் கூடவில்லை. புதிய மருந்தில்லை, புதிய கருவியில்லை, யாருக்கும் கூடுதல் பாட அறிவு இல்லை. பேசும் ஒழுங்கு மட்டும் மாறியது. இதைப் பழக அமெரிக்கா போக வேண்டியதில்லை. உங்கள் ஹவுஸ் சர்ஜன் காலத்து நோயாளிகளில் ஒருவரை நினைவுக்குக் கொண்டுவந்து, பெயரும் அடையாளமும் இல்லாமல், உங்களைப் போலவே கிளம்பவிருக்கும் நண்பருக்குத் தொலைபேசியில் இரண்டு நிமிடத்தில் ஒப்படையுங்கள். அவர் திருப்பிச் சொல்லட்டும். ‘நிலைமை மாறினால்’ என்ற பகுதியில்தான் எல்லோரும் திணறுவார்கள். ‘காய்ச்சல் வந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்பது ஒப்படைப்பு ஆகாது. எந்த அளவு காய்ச்சல், வந்தால் எந்தப் பரிசோதனை, எந்த மருந்து, எதற்கு மேல் போனால் யாரை அழைப்பது என்று சொல்ல வேண்டும்.

இனி நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகள். முதலாவது, பயம். ‘நாங்கள் வெளிநாட்டுக் கல்லூரியில் படித்தவர்கள் என்று ஏற்கெனவே ஒரு பார்வை இருக்கிறது. ஒப்பந்தம் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படுவது. விசாவும் அந்த வேலையோடு கட்டப்பட்டது. அடிக்கடி அழைத்தால் ஒன்றும் தெரியாதவன் என்று முத்திரை குத்திவிடுவார்கள்.’ இந்தப் பயம் வெறும் கற்பனை அல்ல; உள்ளூர்க்காரரைவிட உங்களுக்கு இழப்பு அதிகம் என்பது உண்மை. ஆனால் கணக்கைச் சரியாகப் போடுங்கள். ஜூலையில் இன்டர்ன் அழைப்பதை அங்கே யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை; முதலாண்டுக்காரர் தொடக்கத்தில் நேரடி மேற்பார்வையில் இருக்க வேண்டும் என்பது பயிற்சித் திட்டங்களின் பொது விதி. சட்டப்படியும் நோயாளி மூத்த மருத்துவரின் பொறுப்பு. அவருக்குத் தெரியாமல் அவர் நோயாளி மோசமாவதைத்தான் அவர் மன்னிக்க மாட்டார். ஒரு பயிற்சி மருத்துவர்மீது நம்பிக்கை போவது பெரும்பாலும் அழைத்ததால் அல்ல, அழைக்காததை மறைத்ததால் என்பது என் கணிப்பு. உங்களுக்கு இருக்கும் கூடுதல் ஆபத்து, கூடுதலாக அழைக்கத்தான் காரணம்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது: ஒன்றும் தெரியாமல் அழைத்து என்ன பயன்? எப்போது கேட்பது என்று தெரியவே அறிவு வேண்டாமா? வேண்டும். எனவேதான் படிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. எதைப் படிப்பது என்பதைச் சுருக்கச் சொல்கிறேன். இரவில் நர்ஸ் அழைக்கும் காரணங்கள் அவ்வளவு ஒன்றும் அதிகமில்லை: ரத்த அழுத்தம் இறங்குவது, மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, காய்ச்சல், குழப்பம், சிறுநீர் குறைவது, பொட்டாசியம் ஏறுவது, கீழே விழுவது. ஒவ்வொன்றிலும் முதல் பத்து நிமிடம் என்ன செய்வது, எது தென்பட்டால் உடனே சீனியரை அழைப்பது என்று மட்டும் தெரிந்து போங்கள். அபூர்வ நோய்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அழைக்கும்போது முதல் வாக்கியத்திலேயே என்ன வேண்டும் என்று சொல்லுங்கள்: ‘நீங்கள் நேரில் வர வேண்டும்’ அல்லது ‘ஒரு முடிவை உறுதிசெய்ய வேண்டும்’. பிறகு நீங்கள் பார்த்தது, நினைப்பது, செய்திருப்பது. படுக்கையருகே போகாமல், எண்களைக்கூடப் பார்க்காமல் அழைப்பவர்மீது எரிச்சல் வருவது நியாயம்தான்.

மூன்றாவது மறுப்பை நானே எழுப்புகிறேன். ஆள் பற்றாக்குறையும் கணினித் தாள் வேலையும் மிரட்டும் சீனியர்களும் உள்ள அமைப்பின் குற்றத்தைத் தூக்கி, அதில் மிகச் சிறியவரான இன்டர்னின் தோளில் வைப்பது அநியாயம் இல்லையா? இன்டர்ன் துணிந்து கேட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொன்னால் அது அநியாயம்தான். ஐ-பாஸ் வென்றது தனி ஆள்களின் துணிச்சலால் அல்ல. மருத்துவமனைகள் நேரம் ஒதுக்கிச் சொல்லிக்கொடுத்து, கண்காணித்ததால். பிரிட்டனில் புதிய மருத்துவர்கள் ஆகஸ்டில் சேர்கிறார்கள். அந்த முதல் நாளில் சேர்க்கப்படும் அவசர நோயாளிகள் இறக்கும் வாய்ப்பு, அதற்கு முந்தைய வாரத்தில் சேர்க்கப்பட்டவர்களைவிட 6 சதவீதம் அதிகம் என்று 2009இல் ஓர் ஆய்வு சொன்னது. 2012 முதல் அங்கே முதலாண்டுக்காரர்கள் பொறுப்பேற்கும் முன் சில நாள்கள் பழைய ஆளின் கூடவே நிற்க வைக்கப்படுகிறார்கள். அமைப்பு செய்ய வேண்டியது அதுபோன்ற வேலை. அதற்காகக் குரல் கொடுங்கள். அமெரிக்க ரெசிடென்ட்களுக்குத் தொழிற்சங்கமும் உண்டு. ஆனால் அமைப்பு திருந்தும்வரை இரவு மூன்று மணிக்கு வார்டில் நிற்கப்போவது நீங்கள். சீனியர் அழைப்பை எடுக்கவில்லை என்றால், அல்லது எரிந்து விழுந்து வர மறுத்தால், அவருக்கு மேலிருப்பவரை அழையுங்கள். அழைத்த நேரத்தைக் குறித்து வையுங்கள். அனுபவமுள்ள நர்ஸ் ஒருவர் ‘எனக்குச் சரியாகப் படவில்லை, டாக்டர்’ என்று சொன்னால், உங்கள் பட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்து போங்கள்.

உதவி கேட்கும் பழக்கம் நோயாளிக்காக மட்டும் அல்ல. மிஷிகன் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீஜன் சென்னும் சகாக்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், வேலையில் சேரும் முன் மனச்சோர்வு அளவைத் தொட்டிருந்த இன்டர்ன்கள் ஏறத்தாழ 4 சதவீதம். ஆண்டின் நடுவே எடுத்த கணக்குகளில் அது 26 சதவீதம் அளவுக்குப் போனது. நால்வரில் ஒருவர். வீட்டுக்கு வாரம் ஒருமுறை வீடியோ அழைப்பில் ‘நல்லா இருக்கேன்மா’ என்று சொல்லிவிட்டு ஃபோனை வைப்பவர்களை இந்த எண் சும்மா விடாது. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்ல முடியாதுதான். அதனால் ஊர் போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்களுக்கென்று ஒரு மருத்துவரைப் பதிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் மருத்துவமனை தரும் ரகசிய ஆலோசனைச் சேவையின் எண்ணைக் கேட்டு ஃபோனில் சேமித்துக்கொள்ளுங்கள். தேவை வந்த பிறகு தேடும் தெம்பு இருக்காது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எந்தெந்தச் சூழலில் ரெசிடென்ட் கட்டாயம் மூத்த மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு பயிற்சித் திட்டமும் வரையறுத்து வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. தீவிர சிகிச்சைக்கு மாற்றுவது, உயிர்காப்பு பற்றிய நோயாளியின் முடிவு மாறுவது போன்றவை அதில் வரும். பல இன்டர்ன்கள் அதைக் கேட்காமலேயே ஆண்டை முடித்துவிடுகிறார்கள். ஜூன் மாத அறிமுக வாரத்தில், அடையாள அட்டைக்குப் படம் எடுத்த கையோடு, அந்தப் பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.